பதினாலு என்று நான் சொன்ன காற்று

மாலை ஐந்தரை மணிக்கு, மகள் பள்ளிக்கூட வேலை முடிந்து வருவதற்குச் சற்று முன்னால், மருமகன் உள்ளறையிலிருந்து என்னைக் கூப்பிடுவார். நான் போய் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "மாமா, ஒருக்கா முதல்ல இருந்து சொல்லுங்க" என்பார்.

நான் சொல்லுவேன். அவர் விழுந்த அன்றைக்கு வறண்ட குளத்துக்குள் நாங்கள் செய்த எட்டுக் காரியங்களை வரிசை மாறாமல் சொல்ல வேண்டும். எங்கே தப்பு நடந்தது என்று அவர் தேடிக்கொண்டிருந்தார். முதலாவது, இடம். இரண்டாவது, காற்று.

"காத்து எவ்வளவு மாமா?"

"பதினாலு."

"உச்சம்?"

"பதினாறு."

இந்த இரண்டு எண்ணும் பொய். ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கூட்டி வந்த பிறகு இதே பொய்யை நாற்பத்தொரு மாலை சொல்லியிருக்கிறேன். அவர் ஒவ்வொரு மாலையும் அதை அப்படியே வாங்கிக்கொண்டு மூன்றாவதற்குப் போனார்.

நான் தாலுகா அளவில் புள்ளிவிவரம் எடுக்கும் வேலையில் முப்பத்து நாலு வருஷம் இருந்தவன். கிணறு, மாடு, தென்னை, ஒரு சதுரத்துக்குள் விளைந்த நெல் என்று எல்லாவற்றையும் எண்ணியிருக்கிறேன். கடைசி ஆறு வருஷம் வீரகேரளம்புதூரில். ஓய்வு பெற்றுப் பதிமூன்று வருஷமாகியும் எண்ணும் பழக்கம் போகவில்லை. எங்கள் வீடு தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் இருக்கிறது. மாடிப்படி பத்தொன்பது. மொட்டை மாடியில் கிழக்கே பார்த்து நின்றால் காற்றாலைகள் இருபத்தாறு தெரியும். அதில் பக்கத்தில் இருப்பது நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணுவேன். "அப்பா, கரண்ட் பில்லுக்கு அவங்க தனியா ஆள் வச்சிருக்காங்க" என்பாள் மகள்.

மருமகன் ஆலங்குளத்துக்காரர். பதினேழு வருஷம் ராணுவத்தில் இருந்தார். கடைசியாக ஒரு கடற்கரை முகாமில் இருந்தபோது கைட் பழகினார். இது நாம் நூல் கட்டி விடும் பட்டம் இல்லை. பெரிய துணிப் பாய்மரம். முன்விளிம்பில் காற்றடைத்த ரப்பர் குழாய் இருக்கும். நாலு கயிறு இருபத்திரண்டு மீட்டர் நீளத்தில் ஒரு கைக்கம்புக்கு வரும். கம்பு இடுப்புப் பட்டையில் கொக்கியால் மாட்டியிருக்கும். ஆள் பலகையில் நிற்பார், கைட் அவரைத் தண்ணீர் மேல் இழுத்துப் போகும். ஓய்வு பெற்று வந்ததும் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையில் ஒரு நண்பரோடு சேர்ந்து இரண்டு சீசன் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். அடுத்ததாகத் தனியாகத் தொடங்குவதாக இருந்தார். அதற்காக வாங்கிய இரண்டு பழைய கைட்டுகளைத் தைத்து ஒட்டி எடுத்துக்கொண்டு, பள்ளிக்கூட வேலைக்காக மகள் என்னோடு இருக்கும் எங்கள் வீட்டில் சில வாரம் இருந்து போகலாம் என்று ஆனியில் வந்தார். ஒன்று பன்னிரண்டு சதுர மீட்டர், மற்றொன்று ஏழு.

எந்தக் காற்றுக்கு எந்த அளவு என்பதை அவர் எனக்குச் சொன்ன நாளில் நான் சந்தோஷப்பட்டேன். எண்ணிச் செய்யும் வேலை ஒன்று வீட்டுக்குள் வந்திருக்கிறது என்று தோன்றியது. ஆளின் எடையை இரண்டேகாலால் பெருக்க வேண்டும். அதைக் காற்றின் வேகத்தால் வகுக்க வேண்டும். வேகத்தை நாட் என்ற கணக்கில் அளப்பார்கள், ஒரு நாட் மணிக்கு ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். அவர் எடை எழுபத்தெட்டு. பெருக்கினால் நூற்றெழுபத்தைந்தரை. காற்று பதினாலு என்றால் பன்னிரண்டரை வருகிறது, ஆகவே பன்னிரண்டு கைட். இருபத்தைந்து என்றால் ஏழு.

"இது கடல் காத்துக்கு மாமா. அது ஒரே சீரா வரும்" என்றார். "நம்ம ஊர்ல கணவாய் வழியா விட்டு விட்டு அடிக்கும். இங்கன சராசரி பாக்கக் கூடாது. உச்சத்துக்குத்தான் கைட் எடுக்கணும். சந்தேகமா இருந்தா சின்னது. இன்னும் சந்தேகம்னா சுருட்டிக்கிட்டு வீட்டுக்கு."

காற்றை அளக்க அவரிடம் உள்ளங்கை அகலத்தில் ஒரு மீட்டர் இருந்தது. மேலே சின்ன விசிறி, கீழே எண். அதை என்னிடம் கொடுத்தார். பதினொரு நாள் காலை ஏழு மணிக்கு மொட்டை மாடியில் நின்று மீட்டரைப் பார்த்து எழுதினேன். அப்படியே காற்றாலையின் சுற்றையும் எண்ணி எழுதினேன். மீட்டர் பன்னிரண்டுக்கும் பதினாறுக்கும் நடுவில் காட்டியது. காற்றாலை பதினொரு நாளும் பதினேழு சுற்று. ஐந்தாம் நாள் எழுதி முடித்தபோதே எனக்குள் ஒரு முடிவு வந்துவிட்டது: பதினேழு சுற்று என்றால் காற்று பதினாலு. இதை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு மாதம் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

பதினோராம் நாள் மாலை மாடியிலிருந்து இறங்கும்போது மூன்றாவது படியில் மீட்டரைக் கீழே போட்டேன். விசிறிக் கூட்டில் ஒரு கீறல் விழுந்தது. வாயால் ஊதிப் பார்த்தேன், சுற்றியது. மகள் முந்தின வாரம்தான் நான் ஃபிளாஸ்க்கை உடைத்ததற்கு ஏசியிருந்தாள். மீட்டரை உறையில் போட்டு, மறுநாள் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஒட்டுப்போட்ட கைட் காற்றைத் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார் மருமகன். தண்ணீரில் இறங்கப் போவதில்லை. வறண்ட குளத்துக்குள் நின்று கைட்டை ஏற்றி, தலைக்கு மேல் பத்து நிமிஷம் நிறுத்தி, இறக்குவது மட்டும். உச்சம் பதினாறைத் தாண்டாவிட்டால் பன்னிரண்டு. தாண்டினால் ஏழு. இருபத்தைந்தைத் தொட்டால் எதுவும் இல்லை. வண்டியில் போகும்போது இதை இரண்டு தடவை சொன்னார்.

குளம் வீரகேரளம்புதூர் போகும் வழியில் இருக்கிறது. எங்கள் பக்கத்துக் குளங்களுக்கெல்லாம் கரை கிழக்கே. காற்று மேற்கே மலையிலிருந்து வருவது. ஆகவே காற்று போகும் திசையில் கரை நிற்கும். "கைட்டுக்குக் கீழ்காத்துல ஒண்ணும் இருக்கக் கூடாது மாமா. மரம், கம்பி, கல்லு, ஆளு, ஆடு ஒண்ணும்" என்று சொல்லியிருந்தார். அவர் நிற்கப் போகும் இடத்திலிருந்து கரை வரை அடியெடுத்து எண்ணினேன். முந்நூற்றுப் பன்னிரண்டு அடி வைத்தேன். போதும் என்றார். நடுவில் வெட்டிப்போட்ட கருவேலக் கட்டைகள் முப்பத்தொன்று. அவற்றை விட்டு விலகி இடம் பார்த்தோம்.

கரையோரம் ஒரு பெண் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயசு இருக்கும். கழுத்தில் துண்டு, கையில் தொரட்டி. நாங்கள் பைகளை இறக்குவதைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"என்ன அண்ணாச்சி, இந்த வயசுல பட்டம் விடுதியளோ?"

"இது ஆளையே இழுக்கது" என்றேன்.

"அதுக்கு ஏன் இம்புட்டுத் துணி? எங்கிட்ட ஒரு கெடா நிக்கி. கயித்தைப் பிடிச்சியள்னா பாவூர்சத்திரம் வரைக்கும் இழுத்துட்டுப் போவும்."

மருமகன் சிரித்தார். "அக்கா, நாங்க முடிக்க வரைக்கும் ஆட்டை அங்கன கொண்டு போங்க."

"நீங்க சொல்லாட்டாலும் போவேன் தம்பி. மேற்க பாருங்க, மலையக் காணோம். சாரல் ஏறி வருது. அதுக்கு முன்னால காத்து ஒரு தள்ளு தள்ளும். எங்க குட்டிக்கே தெரியும்." ஆடுகளைப் பத்திக்கொண்டு கரைக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

நான் மேற்கே பார்த்தேன். மலை தெரியவில்லை. ஆனால் அன்று காலையிலிருந்து சாரல் நாலு முறை வந்திருந்தது. இடைவெளி ஒவ்வொரு தடவையும் முப்பத்தைந்து நிமிஷத்துக்குக் குறையவில்லை. கடைசிச் சாரல் விட்டுப் பத்து நிமிஷம்தான் ஆகியிருந்தது. எனக்கு அந்தக் கணக்குப் போதுமாக இருந்தது.

மருமகன் கயிறுகளை விரித்துக்கொண்டிருந்தார். இரண்டு கைட் பைகளும் மேலே கல் வைத்தபடி கிடந்தன. நான் மீட்டரோடு கரைமேல் ஏறினேன். கையை உயர்த்திப் பிடித்தேன். விசிறி சுற்றவில்லை. ஊதினேன். அரைச் சுற்று வந்து கீறலில் தட்டி நின்றது. திரும்ப ஊதினேன், அதே அரைச் சுற்று.

"மாமா, என்ன காட்டுது?" கீழேயிருந்து கேட்டார்.

"இருங்க, பாக்குதேன்."

மீட்டர் விழுந்ததைச் சொல்ல வேண்டும். நேற்றே ஏன் சொல்லவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சொன்னால் அவர் சிரித்துவிட்டுக் கைட்டைச் சுருட்டியிருப்பார், அவ்வளவுதான். ஆனால் எனக்குக் கொடுத்த ஒரே வேலையை நான் கெடுத்தேன் என்று ஆகும். நான் கிழக்கே திரும்பிக் காற்றாலையைப் பார்த்தேன். கடிகாரத்தை வைத்து எண்ணினேன். பதினேழு சுற்று. என் நோட்டில் பதினொரு நாளும் இருந்த அதே பதினேழு.

"பதினாலு" என்றேன்.

"உச்சம்?"

"பதினாறு."

"தாண்டலேல்லா?"

"தாண்டல."

அவர் பன்னிரண்டு கைட்டின் பையைத் திறந்தார்.

குழாய்க்குக் கைப்பம்பால் காற்றடித்தார். விரலால் சுண்டினால் மண்பானை போலச் சத்தம் வர வேண்டும். தொண்ணூற்று நாலு அடி அடித்தார். நான் பக்கத்தில் நின்று எண்ணினேன். அந்தத் தொண்ணூற்று நாலில் எந்த இடத்தில் வேண்டுமானாலும் நான் வாயைத் திறந்திருக்கலாம்.

பம்பைக் கழற்றிவிட்டு அவர் நிமிர்ந்து மேற்கே முகத்தைக் காட்டினார். "கொஞ்சம் கூடுதல் மாதிரி தோணுது மாமா."

"மீட்டர்ல அப்படிக் காட்டலியே."

என் கையில் இருந்த உறையைப் பார்த்தார். அளந்து சொன்னது தூத்துக்குடி நண்பராக இருந்தால் பிடுங்கிப் பார்த்திருப்பார். கடற்கரையில் யார் அளந்து சொன்னாலும் இவர் ஒரு தடவை தானும் அளப்பாராம், நண்பர் பிற்பாடு சொன்னார். ஆனால் பெண் கொடுத்த மாமனார் அளந்து ஒரு எண் சொன்ன பிறகு, எங்கே, கொடுங்கள் பார்ப்போம் என்று எங்கள் பக்கத்தில் எந்த மருமகனும் கை நீட்ட மாட்டார். "நீங்க சொன்னாச் சரி" என்றார்.

மற்ற எல்லாவற்றையும் நாங்கள் சரியாகச் செய்தோம். இதை இன்றைக்கும் சொல்லுவேன். நாலு கயிறும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளாமல் இருக்கிறதா என்று விரலால் பிரித்துக்கொண்டே நான் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நடந்தேன். முன்கயிறு முன்முடிச்சில், பின்கயிறு பின்முடிச்சில் மாட்டியிருந்ததை இருவரும் பார்த்தோம். கம்புக்கு மேலே ஒரு சிவப்புக் குமிழ் உண்டு. ஆபத்தில் அதைத் தள்ளினால் கைட்டின் இழுப்பு முழுதும் விட்டுப்போகும், ஒரே ஒரு கயிறு மட்டும் இடுப்பில் தொங்கும். அதைக் கைட்டை மாட்டாமலே இரண்டு முறை தள்ளிப் பார்த்தார். இரண்டு முறையும் விட்டது. அந்த ஒற்றைக் கயிற்றையும் பட்டையில் மாட்டிக்கொண்டார்.

நான் கைட்டை நிமிர்த்திப் பிடித்தேன். பிறை போல வளைந்த அதன் ஒரு நுனி தரையில், ஒரு நுனி வானத்தில். நடுவில் முன்குழாயை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். காற்று அவருக்குப் பின்னால் இருந்து நேராக என்மேல் வரக் கூடாது. அப்படி நின்று விட்டால் கைட் முழு இழுப்பு இருக்கும் நடுப்பகுதியில் ஏறும். காற்றுக்குக் குறுக்கே, ஓரத்தில் நிற்க வேண்டும். துணி படபடத்தால் இன்னும் நகர வேண்டும், படபடப்பு நின்றால் அதுதான் இடம். கயிறு விறைத்து நின்றது. அவர் கட்டைவிரலை உயர்த்தும் வரை நான் விடக் கூடாது. விடும்போது தூக்கி எறியக் கூடாது, கையைத் திறந்தால் போதும். திறந்த பிறகு கயிற்றுக்கு அடியில் போகாமல் காற்று வரும் பக்கமாக ஒதுங்க வேண்டும்.

அவர் கட்டைவிரலை உயர்த்தினார். நான் கையைத் திறந்தேன். கைட் ஓரமாக, பதறாமல் ஏறியது. பாதி உயரம் வந்தபோது என் இடது கன்னத்தில் ஒரு துளி விழுந்தது.

துளிக்குப் பின்னால் அந்தத் தள்ளு வந்தது. நான் இரண்டு எட்டு தடுமாறினேன். திரும்பிப் பார்த்தபோது அவர் கால் தரையில் இல்லை. ஒன்று. மாடி வீட்டுக் கைப்பிடிச் சுவர் உயரத்தில் இருந்தார். இரண்டு. குமிழைத் தள்ளினார். கைட் உயிர் போன துணியாக மடங்கியது. மூன்று என்று நான் எண்ணும் முன்னால் அவர் வெடித்துக் கிடந்த குளத்து மண்ணில் இடுப்பு அடிபட உட்கார்ந்த மாதிரி விழுந்தார். அந்தச் சத்தத்தை நான் எழுத விரும்பவில்லை.

ஓடினேன். முகம் சாம்பலாக இருந்தது. "மாமா, கைட் மேல மண்ணள்ளிப் போடுங்க, திரும்பக் கெளம்பிரும்" என்றார். அள்ளிப் போட்டேன். திரும்பி வந்தேன். "இடது கால் எங்கன கெடக்கு, நேராவா இருக்கு?" என்றார். நேராகத்தான் இருந்தது. அவருக்கு அது தெரியவில்லை.

சாரல் ஏழு நிமிஷம் பெய்தது. ஆட்டுக்காரப் பெண் கரையேறி வந்து தன் துண்டை விரித்து அவர் முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றாள். "அசைக்காதிய அண்ணாச்சி. எங்க வீட்டுக்காரரை இப்படித்தான் தூக்கிக் கெடுத்தாங்க." சாரல் வரும் என்று அவள் சொன்னதை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

ஆம்புலன்ஸ் இருபத்தேழு நிமிஷத்தில் வந்தது. தென்காசிக்குள் நகர முடியவில்லை. குற்றாலத்தில் தண்ணீர் கூடி அருவியில் குளிக்க விடவில்லையாம், வேன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பியிருந்தன. எங்களுக்கு முன்னால் இருபத்து மூன்று வேன்கள். தலையில் ஈரத்துண்டு கட்டிய ஆட்கள் கண்ணாடி வழியே உள்ளே எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் கையில் நேந்திரங்காய்ச் சிப்ஸ் பொட்டலம் இருந்தது. தின்றுகொண்டே பார்த்தார். தென்காசியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டுத் திருநெல்வேலிக்கு அனுப்பிவிட்டார்கள். போகும் வழியில் மருமகன் ஒரே ஒரு தடவை பேசினார். "ஆலங்குளம் தாண்டியாச்சா?" அங்கேதான் அவருடைய அப்பா, அம்மா இருக்கிறார்கள். "தாண்டியாச்சு" என்றேன். தாண்டவில்லை. அவர் எழுந்து பார்க்க முயற்சி செய்வார் என்று பயந்தேன்.

இரண்டு ஆபரேஷன். படத்தில் ஒன்பது திருகாணி தெரிந்தது. பத்தொன்பது நாள் படுக்கை. நடப்பார், ஆனால் இடது பாதம் தூக்காமல் இழுக்கலாம் என்றார் டாக்டர். பாரம் தூக்கக் கூடாது. யார் கேட்டாலும் மருமகன் ஒரே பதில் சொன்னார்: "எங்கனயோ நான் தப்பு பண்ணிட்டேன்."

பதினான்காம் நாள் ஆஸ்பத்திரிக்கு எங்கள் தெருக்காரர் ஒருவர் பார்க்க வந்தார். காற்றாலையில் பராமரிப்பு வேலை செய்பவர். வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, ஏதோ பேச வேண்டுமே என்பது போல நான் கேட்டேன். காற்று கூடினால் காற்றாலை எத்தனை சுற்று கூடும்?

"கூடாது அண்ணாச்சி. கெளம்பிட்டுன்னா ஒரே வேகந்தான். காத்து கூடக் கூட எறக்கை தன்னால திரும்பிக் காத்தைக் கழிச்சு விட்டுரும். பதினஞ்சு அடிச்சாலும் ரெண்டு மடங்கு அடிச்சாலும் ஒரே சுத்துதான். ரொம்ப மோசமா அடிச்சா நின்னே போவும்."

"அப்ப சுத்தைப் பாத்துக் காத்தைச் சொல்ல முடியாதா?"

"வீட்டு ஃபேனை எண்ணி வெளிய மழை பெய்யுதான்னு கேக்கீங்களே" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். டீ டம்ளரைக் கீழே வைக்க எனக்கு இடம் கிடைக்கவில்லை.

என் நோட்டை வீட்டில் எடுத்துப் பார்த்தேன். பதினொரு நாளும் காலை ஏழு மணி. ஒரு நாள்கூட நடுப்பகலில் அளக்கவில்லை. ஒரு நாள்கூடச் சாரலுக்கு முன்னால் அளக்கவில்லை. எனக்குக் கீழே வேலை பார்த்தவர் யாராவது இப்படி ஒரு அட்டவணை கொண்டு வந்திருந்தால் முகத்தில் எறிந்திருப்பேன்.

அதற்குப் பிறகுதான் வீட்டில் அந்த மாலை நேரங்கள் தொடங்கின. எட்டுக் காரியத்தையும் நான் சொல்ல, அவர் ஒவ்வொன்றிலும் நின்று நிதானித்துத் தேடினார். கயிறு சரி. முடிச்சு சரி. குமிழ் சரி. காற்று பதினாலு, அதுவும் சரி. ஆக மிஞ்சுவது அவர்தான். "பதினாலுல ஒரு பொம்பளப்பிள்ள கூட நின்னுரும் மாமா, நானே நிறுத்தியிருக்கேன். என்னைத் தூக்கிட்டுன்னா, கை எங்கியோ தப்பா இழுத்திருக்கு. எனக்கே தெரியாம. அப்படிப்பட்ட ஆளு பிறத்தியாருக்கு என்னத்தைச் சொல்லிக் குடுக்க?" மகள் உள்ளே வந்து பையை வைக்கும்போது, "என்ன, பாராயணம் முடிஞ்சுட்டா?" என்று கேட்பாள். அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். காலுக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சியைச் செய்வதை மெல்ல மெல்ல நிறுத்திவிட்டார். காலையில் இருபது தடவை மடக்க வேண்டியதை எட்டுத் தடவை மடக்கினார். பிறகு மூன்று. நான் கதவுக்கு வெளியே நின்று எண்ணினேன்.

நாற்பத்திரண்டாம் நாள் நான் நாற்காலியில் உட்கார்ந்ததும், "இன்னைக்குச் சொல்ல வேண்டாம் மாமா" என்றார். "ஃபிரெண்டு ஞாயித்துக்கிழமை வாரான். ரெண்டு கைட், பம்பு, பட்டை எல்லாத்தையும் எடுத்துக்கிடச் சொல்லிட்டேன். நான் இனி அந்தப் பக்கம் போகல. மீட்டர் உங்ககிட்டதான இருக்கு? அதையும் எடுத்து வச்சிருங்க."

மீட்டர் என் அலமாரியில் வேட்டிக்கு அடியில் இருந்தது. எடுத்து வந்து அவர் மார்பின்மேல் வைத்தேன்.

"ஊதிப் பாருங்க" என்றேன்.

ஊதினார். அரைச் சுற்று. கீறலில் தட்டி நின்றது.

"எப்ப இருந்து?"

"முந்தின நாள் சாயங்காலம். படியில போட்டுட்டேன்."

அவர் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப பதினாலுன்னு எதை வச்சுச் சொன்னீங்க?"

"காத்தாலையை எண்ணினேன். பதினேழு சுத்து இருந்துச்சு. பதினேழுன்னா பதினாலுன்னு ஒரு கணக்கு வச்சிருந்தேன். அந்தக் கணக்கு தப்பு. அது எந்தக் காத்துக்கும் பதினேழுதானாம்."

"உச்சம் பதினாறு?"

"அது சும்மா சொன்னது."

வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவர் உதடு அசைந்தது. கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. எழுபத்தெட்டு, இரண்டேகால், நூற்றெழுபத்தைந்தரை.

"என்னை அந்த உயரத்துக்குத் தூக்கணும்னா இருபத்தஞ்சுக்குக் குறையாது. முப்பது கூட இருக்கலாம்." பிறகு, "ஏழு கூட எடுத்திருக்கக் கூடாது. வீட்டுக்கு வந்திருக்கணும்" என்றார்.

"ஆமா."

"கூடுதலா இருக்குன்னு சொன்னேன் மாமா."

"சொன்னீங்க."

"நாப்பது நாளா தெனமும் கேட்டேன்."

"நாப்பத்தொண்ணு" என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் என்னை அன்றைக்குத்தான் முதல் தடவையாக நேராகப் பார்த்தார்.

தலையணைக்கு அடியிலிருந்து அவருடைய நோட்டை எடுத்தார். ஒவ்வொரு தடவை கைட் ஏற்றும்போதும் இடம், காற்று, கைட் அளவு என்று அதில் எழுதுவது வழக்கம். கடைசி வரி ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு எழுதியது. காற்று என்ற இடத்தில் 14, உச்சம் 16. பேனாவையும் நோட்டையும் என்னிடம் நீட்டினார்.

"அதை அடிங்க."

அடித்தேன். "என்ன எழுத?"

"அளக்கலைன்னு எழுதுங்க."

'அளக்கவில்லை' என்று எழுதினேன். முப்பத்து நாலு வருஷத்தில் எந்தக் கட்டத்திலும் அந்த வார்த்தையை நான் எழுதியதில்லை. எழுதிய வார்த்தையை அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, நோட்டை மூடி வைத்துக்கொண்டார்.

மகள் வந்தாள். "பாராயணம் முடிஞ்சுட்டா?"

"முடிஞ்சிட்டு" என்றார் அவர்.

அவர் அவளிடம் சொல்லவில்லை, நான் சொல்ல வேண்டியது என்று விட்டுவிட்டார். அடுப்படியில் வைத்துச் சொன்னேன். பால் பொங்கி வந்தது. அடுப்பை அணைத்தாள்.

"மீட்டர் விழுந்துட்டுன்னு எங்கிட்டச் சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பேன் அப்பா? ஏசியிருப்பேன். அவ்வளவுதான?"

அவள் எனக்கு மட்டும் காப்பி போட்டு வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை நண்பர் வந்தார். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஐம்பது நிமிஷம் பேசினார்கள். நண்பர் வெளியே வரும்போது கையில் பை எதுவும் இல்லை. கிடந்த இடத்திலேயே இரண்டு கைட்டும் கிடந்தன. மறு வாரம் ஆலங்குளத்திலிருந்து அவருடைய அப்பா வண்டி கொண்டு வந்தார். அங்கே படியில்லாத வீடு, வசதி என்றார். மருமகன் வண்டியில் ஏறும்போது, "வாரேன் மாமா" என்றார். எப்போதும் சொல்லும் அதே வார்த்தை. குரலில் கோபம் இல்லை. வேறு எதுவும் இல்லை. கைட்டுகளையும் கொண்டு போனார்கள். மகள் அங்கிருந்தே பஸ்ஸில் பள்ளிக்கூடத்துக்கு வந்து போகிறாள். இங்கே இறங்குவதில்லை.

வாரத்துக்கு இரண்டு தடவை போன் செய்கிறாள். நேற்றும் செய்தாள். மாத்திரை சாப்பிட்டீர்களா, ரேஷனில் பருப்பு வந்துவிட்டதா என்று கேட்டாள். வைக்கப் போகும் நேரத்தில், "அவங்க இன்னைக்குக் கம்பில்லாம பதினோரு எட்டு நடந்தாங்க" என்றாள்.

"நீ எண்ணினியா?"

"இல்ல. அவங்களே எண்ணிக்கிட்டாங்க."